சூடான ஆட்டோமேட்டிக் ஜீப்பை ஏரியில் குளிப்பாட்டிய மாட்டுப் பொங்கல்

இடது முழங்காலில் அறுவை சிகிச்சை செய்த பிறகு கிளட்ச் மிதிப்பது என்னால் ஆகாத காரியமாகிவிட்டது. வண்டி ஓட்டாமல் என்னால் இருக்கவும் முடியாது. அதனால்தான் பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப் ஒன்றை, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ளதாகத் தேடிப் பிடித்து வாங்கினேன். அந்தக் கியர்பாக்ஸ் போய்விட்டால் இன்னொன்று போட எங்களுக்கு வசதியில்லை. பிறகு ஆயுசுக்கும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பராக்குப் பார்க்க வேண்டியதுதான். இந்தப் பொங்கலுக்கு அப்படி ஆகிவிடப் பார்த்தது. ஆட்டோமேட்டிக் வண்டியோடு கிராமத்துப் பக்கம் போகிறவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

மாட்டுப் பொங்கல் அன்று காலை ஏழு மணிக்குத் திண்டிவனத்திலிருந்து கிளம்பினோம். நானும் என் கணவர் முரளியும். முரளிக்கு வண்டி ஓட்டத் தெரியாது, வழி சொல்வதில் மட்டும் குறை வைக்கமாட்டார். விழுப்புரம் வரை நாற்பது கிலோமீட்டர் நெடுஞ்சாலை. அங்கே டிபனை முடித்துக்கொண்டு, காணை வழியாகக் கெடார் பக்கம் திரும்பினோம். முரளியின் அக்கா செல்வி அண்ணியின் வீடு அங்கேதான், கரும்புத் தோட்டத்துக்கு நடுவில் இருக்கிறது.

கடைசி இரண்டு கிலோமீட்டர்தான் இந்தப் பயணத்தின் ருசியே. கரும்பு லாரிகள் உழுது போட்ட மண் பாதை, முழங்கால் ஆழப் பள்ளம், உள்ளே மழைச் சேறு. லோ ரேஞ்சில் போட்டு ஆமை வேகத்தில் ஊர்ந்தேன். எனக்கு ஏக சந்தோஷம். முரளி மேலே இருந்த கைப்பிடியை விடவேயில்லை. இப்படி ஊர்ந்தால் கியர்பாக்ஸ் நன்றாகச் சூடேறிவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அண்ணி வாசலிலேயே கையைப் பிடித்து இழுத்துப் போய் இலை முன்னால் உட்கார வைத்துவிட்டார். அவர் கணவர் ஏழுமலை அண்ணா புது வேட்டியில் பளிச்சென்று இருந்தார். ஜீப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, "இன்னாம்மா தங்கச்சி, வண்டி பூரா சேறா கீது" என்று சொல்லிவிட்டு, ஓரமாக விடுவதற்கென்று சாவியை வாங்கிக்கொண்டார். போன தடவையும் ஓட்டியிருக்கிறார் என்பதால் நானும் கொடுத்துவிட்டேன்.

வடையைக் கடிக்கும்போது அண்ணி சாதாரணமாகச் சொன்னார். "உங்கண்ணன் உன் வண்டிய ஏரிக்கு ஓட்டிக்கினு போயிருக்காரு. மாட்டோட சேத்து அதையும் கழுவிக்கினு வந்து பொட்டு வைக்கப் போறாராம்."

அந்த ஊர் வழக்கம் அது. மாட்டுப் பொங்கல் அன்று மாடுகளை ஏரியில் இறக்கிக் குளிப்பாட்டுவார்கள், கூடவே டிராக்டர்களையும் இறக்கிக் கழுவுவார்கள். பிறகு இரண்டுக்கும் மாலை, மஞ்சள், குங்குமம். அண்ணாவைப் பொறுத்தவரை உழைக்கிற எதுவும் மாடுதான். என் ஜீப்பையும் அந்த வரிசையில் சேர்த்தது பெரிய மரியாதை. ஆனால் நான் கடித்த வடையை இலையிலேயே வைத்துவிட்டேன்.

காரணம் இதுதான். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மூச்சுவிட மேலே ஒரு சின்னத் துவாரம் உண்டு. சூடான பெட்டியைக் குளிர்ந்த தண்ணீரில் நிறுத்தினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கும்போது அந்தத் துவாரம் வெளியில் இருப்பதை உள்ளே உறிஞ்சும். ஏரியில் நின்றால் ஏரித் தண்ணீரைத்தான் உறிஞ்சும். தண்ணீர் ஆயிலில் கலந்து, அதோடு வண்டியையும் ஓட்டினால், உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகளின் மேல்பூச்சு உரிந்து வந்துவிடும்.

மழைக்காலத்துக்கு முன்பே அந்தத் துவாரத்தில் ஒரு ரப்பர் ஹோஸ் மாட்டி, பானெட்டுக்குள் உயரத்தில் கொண்டுபோய்க் கட்டியிருந்தோம். முந்நூற்று ஐம்பது ரூபாய்ச் செலவு. ஆனால் அளவான கிளிப் கிடைக்காததால் அடியில் முரளி கம்பியைச் சுற்றி முறுக்கியிருந்தார். அத்தனை பள்ளத்தில் குலுங்கி வந்த பிறகு அந்தக் கம்பி நிற்குமா?

இலையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். ஓடினேன் என்றால் நொண்டிக்கொண்டேதான். முரளியும் அண்ணியும் பின்னாலேயே வந்தார்கள். ஏரியில் ஒரு பக்கம் மாடுகள், ஒரு பக்கம் டிராக்டர்கள், நடுவில் பம்பர் முழுகி நிற்கிறது என் ஜீப். அண்ணா எஞ்சினை அணைத்துவிட்டு வைக்கோலால் கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, சாவியத் தொடாதீங்க! ஸ்டார்ட் பண்ணாதீங்க!" என்று கத்திக்கொண்டே தண்ணீருக்குள் இறங்கினேன்.

"எதுக்கும்மா இப்டி ஓடியார்ற? டிராக்டர் வருசா வருசம் எறங்குது, ஒண்ணும் ஆவலியே."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "மாட்டக் குளிப்பாட்டுறப்ப மூக்கு தண்ணிக்கு மேலதானே இருக்கும்? இதுக்கு மூக்கு வயித்துக்கிட்ட இருக்குண்ணா!"

அவர் முகம் வாடிவிட்டது. வைக்கோல் கையிலிருந்து நழுவியது. "மருவாதி பண்ணணும்னுதாம்மா எறக்குனேன். இப்ப இன்னா பண்றது?"

பானெட்டைத் திறந்தேன். ஹோஸின் மேல்முனை காய்ந்துதான் இருந்தது. அடிமுனை தண்ணீருக்குள், கண்ணுக்குத் தெரியவில்லை. ஆயிலைப் பார்த்தால்தான் உண்டு. தெளிந்த சிவப்பாக இருந்தால் பிழைத்தோம், ரோஸ் மில்க் நிறத்தில் இருந்தால் முடிந்தது கதை. கியர்பாக்ஸின் ஆயில் அளவுக்குச்சியை உருவினேன். துடைத்துப் பார்க்க வெள்ளைத் துணி வேண்டும். முரளியின் சட்டை நீலம், என் புடவை பச்சை.

"இந்தாம்மா" என்று அண்ணா தன் புது வேட்டி முனையை நீட்டினார்.

"அது புதுசுண்ணா."

"அட துடைம்மா, ஜல்தி!"

துடைத்தேன். சுத்தச் சிவப்பு. வெயிலில் பிடித்துப் பார்த்தோம். கலங்கலும் இல்லை, குமிழும் இல்லை. முரளியின் கம்பி தாக்குப்பிடித்திருந்தது. கரையிலிருந்து அண்ணி, "ஐயோ, புது வேட்டி!" என்று கத்தினார். அண்ணாவோ தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி வேட்டி முனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் காட்டினார். "நீயே ஏத்தும்மா" என்று எனக்கு வழிவிட்டார். லோ ரேஞ்சில் போட்டு, எங்கும் நிறுத்தாமல் கரையேற்றினேன். பிறகு ஜீப்புக்கும் மாலை விழுந்தது.

உங்களுக்குச் சொல்ல நினைப்பது கொஞ்சம்தான். ஹோஸை உயரத்தில் கட்டுங்கள், சரியான கிளிப் கிடைக்கும் வரை தேடுங்கள். முன் பின் அச்சுகளுக்கும் இதே மாதிரி மூச்சுத் துவாரம் உண்டு, அவற்றையும் விடாதீர்கள். தண்ணீரில் இறங்கும் முன் அரை மணி நேரமாவது வண்டியை ஆறவிடுங்கள், இறங்கினால் நடுவில் நிறுத்தாதீர்கள். சந்தேகம் வந்தால் ஸ்டார்ட் செய்யாமல் முதலில் ஆயிலைப் பாருங்கள். நிறம் மாறியிருந்தால் முழுவதும் வடித்து, கழுவி, புது ஆயில் ஊற்றும் வரை ஓட்ட வேண்டாம். அப்போதைக்குத் தெளிவாக இருந்தாலும் மறுநாளும் ஒரு முறை பாருங்கள். வெள்ளைத் துணி ஒன்றை வண்டியிலேயே வைத்திருங்கள், எல்லா ஊரிலும் ஏழுமலை அண்ணா இருக்கமாட்டார்.

மறுநாள் காலை ஆயில் அதே சிவப்பாகத்தான் இருந்தது. என் முழங்கால்தான் பூசணிக்காயாய் வீங்கியிருந்தது. "இந்தக் காலை வெச்சுக்கிட்டு எப்படி ஓட்டுவே? வண்டி இங்கேயே இருக்கட்டும், பஸ்ல போயிடலாம்" என்றார் முரளி.

"இந்த வண்டியில இடது காலுக்கு வேலையே இல்லீங்க" என்றேன்.

திண்டிவனம் வரை நான்தான் ஓட்டினேன்.