தாழ்ப்பாள் பலகை

வெள்ளைக்காரர் கொடி இறங்கி மலாயாக் கொடி ஏறிய ஆண்டில் எனக்கு நாற்பத்து நான்கு வயது. மகளுக்கு நான்கு நடந்துகொண்டிருந்தது. மலாக்காவின் காஜா பேராங்கில் நாங்கள் குடியிருந்த பலகை வீட்டில் பகலெல்லாம் நாங்கள் இருவர்தான். அரசாங்க அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்த்த கணவர் காலையில் போனால் சாயங்காலம்தான் திரும்புவார்.

பிள்ளைகளின் கால்களை முடக்கிப்போடும் காய்ச்சல் ஊருக்குள் வந்திருக்கிறது என்று அப்போது பேசிக்கொண்டார்கள். பின் சந்தில் ஒரு சிறுமி இரும்புப் பட்டை கட்டிய காலை இழுத்து இழுத்து நடந்ததை ஒருமுறை பார்த்தேன். அதோடு சரி, மகளை வாசலுக்கு விடுவதை நிறுத்திவிட்டேன். முன்கதவுக்கு உள்பக்கம் பூட்டு போட்டு, சாவியைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன். ஜன்னல்களில் ஏற்கெனவே கம்பி இருந்தது. மற்றப் பிள்ளைகள் காகிதக் கொடிகளை ஆட்டிக்கொண்டு சந்தில் ஓடியபோது அவள் கம்பியில் நெற்றியை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பியின் தடம் வெகுநேரம் மறையவில்லை.

பக்கத்து வீட்டில், பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய செட்டிக் குடும்பத்து அம்மாள் ஒருவர் இருந்தார். வீட்டில் மலாய்தான் பேசுவார், என்னிடம் மட்டும் உடைந்த தமிழைக் கலந்து பேசுவார். நான் அவரைக் ‘கக்கா’ என்பேன், அவர் என்னை ‘அடெக்’ என்பார், அக்கா தங்கை முறை. கோழியைக்கூடச் சாயங்காலம்தானே அடைப்பார்கள், உன் வீட்டில் பகலிலேயே அடைத்துவிடுகிறாயே என்று வேலிக்கு அப்பாலிருந்து கேலி செய்வார். நான் சிரித்துச் சமாளிப்பேன்.

அடைத்து வைத்தேனே தவிர, சும்மா வைக்கவில்லை. திருமணத்துக்கு முன் ஒரு பள்ளியின் பாலர் வகுப்பில் உதவி ஆசிரியையாக இருந்தவள் நான். சின்னப் பிள்ளைக்கு வாயால் சொல்லிக்கொடுக்காதே, கையால் காட்டு என்று அங்கே பழக்கியிருந்தார்கள். பேசாமல், மெதுவாக, ஒரே ஒருமுறை செய்து காட்ட வேண்டும். பிறகு பிள்ளை செய்யும். முடித்ததும் எது எப்படி இருந்ததோ அப்படியே திருப்பி வைக்க வேண்டும். இந்த மூன்றையும் வீட்டில் கண்டிப்பாக நடத்தினேன். அவள் பச்சைப்பயற்றைக் கிண்ணத்திலிருந்து கிண்ணத்துக்குச் சிந்தாமல் ஊற்றுவாள். சட்டத்தில் இழுத்துக் கட்டிய அப்பாவின் பழைய சட்டைக்குப் பொத்தான் போடுவாள். துணிப்பைக்குள் கையை விட்டு, பார்க்காமலே ஜாதிக்காயையும் புளியங்கொட்டையையும் பிரித்தெடுப்பாள். எல்லாவற்றையும்விட அவளுக்குப் பிடித்தது தாழ்ப்பாள் பலகை. கொக்கி, சங்கிலி, தாழ்ப்பாள் மூன்றையும் தச்சரிடம் சொல்லி ஒரே பலகையில் அடித்து வாங்கியிருந்தேன்.

அந்தத் தச்சரிடமே சமையலறையின் பின்கதவுக்கும் ஒரு தாழ்ப்பாள் போடச் சொன்னேன். மேல்பக்கம் மரத்தைக் கரையான் அரித்திருந்ததால் அவர் அதைக் கீழே, என் இடுப்பு உயரத்தில் அடித்தார். பலகையில் இருந்ததைப் போலவே அதுவும் பித்தளைத் தாழ்ப்பாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஒருநாள் காலை பலகைக்கு எண்ணெய் தடவி, பின்படியில் வெயிலில் வைத்துவிட்டுத் துணி உலர்த்தினேன். உள்ளே கரி அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. கதவு சாத்தும் ஓசையும், அதன் பின்னாலேயே தாழ்ப்பாள் விழும் ஓசையும் கேட்டன. பலகை வெளியே இருந்ததால் அவள் கதவில் வேலையைத் தொடங்கிவிட்டாள்.

ஜன்னலுக்கு ஓடினேன். கதவுக்கும் அடுப்புக்கும் நடுவே அவள் நின்றாள். பாவாடை விளிம்புக்கும் தணலுக்கும் ஒரு முழம் இடைவெளி இருக்கும். அடுப்பு தரையில் இருந்தது. முன்கதவின் சாவி சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. என் வீட்டுக்குள் போக எனக்கே வழியில்லை.

தாழ்ப்பாளை இழு, அடுப்புப் பக்கம் போகாதே, இந்தப் பக்கம் வா என்று ஒரே மூச்சில் கத்தினேன். அவள் பயந்து ஓரடி பின்னால் போனாள், அடுப்பை நோக்கி. பிறகு உதட்டில் விரலை வைத்தாள்.

“பேசக்கூடாதுன்னு நீதானம்மா சொன்ன.”

சத்தம் கேட்டுக் கக்கா வேலியைத் தாண்டி வந்துவிட்டார். கம்பி வழியாக உள்ளே பார்த்தார். என் தோளைப் பிடித்து அழுத்தினார்.

“டியாம், அடெக். நீ கத்தினா அது பின்னால போகுது. டியாம்.”

வாயை மூடினேன். கக்கா படியிலிருந்த பலகையை எடுத்து என் கையில் திணித்தார். அதைக் கம்பிக்கு நேராக நிமிர்த்திப் பிடித்தேன். கக்கா கீழ்முனையைத் தாங்கிக்கொண்டார். பிடியை மேலே தூக்கினேன். மெதுவாக இழுத்தேன். மகள் என் விரல்களை மட்டும் பார்த்தாள். திரும்பிக் கதவுக்குப் போனாள். இழுக்கும் ஓசை கேட்டது.

நான் கதவை எட்டுவதற்குள் அது ஒரு சாண் திறந்து, முகம் தெரிந்து, மறுபடியும் சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. முடித்த வேலையை அவள் இருந்தபடியே திருப்பி வைத்துவிட்டாள்.

உள்ளே பருப்பு பொங்கித் தணலில் வழிந்து சீறியது. சாம்பல் பறந்தது. ஜன்னலுக்குத் திரும்பி மறுபடி காட்டினேன். இந்த முறை காட்டி முடித்ததும் கக்கா பலகையைப் பிடுங்கிக்கொண்டு கதவருகே போய் நின்றார். ஒரு சாண் திறந்ததுமே பலகையை இடுக்கில் செருகிவிட்டார்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவள் என் கையிலிருந்து திமிறினாள்.

“இன்னும் திருப்பி வைக்கலம்மா.”

கக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். சிரிக்கவில்லை. பருப்புச் சட்டி கவிழ்ந்திருந்தால் எந்த வழியாக உள்ளே போயிருப்பாய் என்று கேட்டார். வீட்டுக்குள் போய், படத்துக்குப் பின்னாலிருந்த சாவியை எடுத்து முன்கதவைத் திறந்தேன். பல மாதங்களுக்குப் பிறகு சந்து முழுதாகத் தெரிந்தது. பின் சந்துச் சிறுமி எதிர்வீட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள், அந்தக் காலோடு.

மகள் என் பக்கத்தில் வந்து நின்றாள். வெளியே ஓடுவாள் என்று அவள் பாவாடையைப் பிடித்திருந்தேன். ஓடவில்லை. குனிந்து என் கால்களைப் பார்த்தாள், பிறகு படியைப் பார்த்தாள். நான் முதலில் இறங்கிக் காட்ட வேண்டும் என்று காத்திருந்தாள்.

ஒரே ஒருமுறை, மெதுவாக, பேசாமல். எனக்குக் கால் எழவில்லை.