நாய்க்கடி ஊசியும் பழஞ்சோறும்

என்னைக் கடித்த நாய்க்குச் சொந்தக்காரர் என்று ஒருவரும் இருக்கவில்லை. உடப்புக் கடற்கரையில் அது எல்லோருக்கும் பொதுவான நாய். கரைவலை இழுத்து முடிந்ததும் மணலில் சிதறும் குட்டி மீன்களை அதுவும் நாங்களும் போட்டி போட்டுக்கொண்டுதான் பொறுக்குவோம். அப்போது எனக்கு ஒன்பது வயது, மார்கழி விடுமுறை. அன்று காலை அது மீன்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. வாயில் நீர் வடிய, தலையைத் தொங்கப்போட்டபடி வந்து, என் கெண்டைக்காலைக் கவ்விவிட்டு, ஏதோ அவசர சோலி இருப்பதுபோலக் கரையோரமாகவே போய்விட்டது. அடுத்த நாள் அது செத்துக் கிடந்ததாகச் சொன்னார்கள்.

கயிற்றை விட்டுவிட்டு முதலில் ஓடிவந்தவர் மாமா. அவர் அம்மாவின் தம்பி, கரைவலையில் கயிறு இழுக்கிறவர். என்னைத் தூக்கிக்கொண்டுபோய்க் குழாயடியில் இருத்தி, நான் கத்தக் கத்தச் சவர்க்காரம் போட்டுக் காயத்தைக் கழுவு கழுவென்று கழுவினார். பிறகு ஒரு ஆட்டோவில் அம்மாவும் மாமியும் என்னைச் சிலாபத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

மாமி என்பது அப்பாவின் அக்கா. மாமாவுக்கும் அவருக்கும் இருந்த ஒரே தொடர்பு, இருவருக்கும் ஒருவரை ஒருவர் பிடிக்காது என்பதுதான். அப்பா அப்போது கட்டாரில் வேலை செய்துகொண்டிருந்தார். அதனால் வீட்டில் அப்பாவின் கதிரையிலும் அப்பாவின் அதிகாரத்திலும் மாமிதான் உட்கார்ந்திருந்தார். சின்ன வயதில் அப்பாவைத் தூக்கி வளர்த்தவர் என்பதால் அந்த அதிகாரத்தை யாரும் கேள்வி கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட நேர்ஸ் சிங்களவர். ஆனால் எங்களோடு நல்ல தமிழில் கதைத்தார். அடுத்தடுத்த ஊசிகளுக்குச் சொன்ன நாளில் வந்துவிட வேண்டும், ஒன்றைக்கூட விடக் கூடாது, இந்த நோய் வந்தபிறகு வைத்தியம் கிடையாது என்று இரண்டு தரம் சொன்னார். மாமி அதற்கெல்லாம் தலையாட்டினார். அம்மா மெதுவாகச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார்.

"எல்லாம் குடுங்க. ஒண்டும் நிப்பாட்ட வேணாம்."

"மீன்?"

"மீனும் குடுங்க."

"தயிர்?"

"தயிரும் நல்லம்தானே."

இதற்கு மட்டும் மாமி தலையாட்டவில்லை. பஸ்ஸில் வரும்போது தன் தீர்ப்பைச் சொன்னார். ஆஸ்பத்திரிக்காரருக்கு ஊசி தெரியும், உடம்பு தெரியாது. நாய் கடித்த பிள்ளைக்கு மீன் இல்லை, முட்டை இல்லை, அன்னாசி இல்லை. எல்லாவற்றிலும் மேலாக, புளித்த எதுவும் வாயில் படக் கூடாது. தயிர், தோசை, அப்பம், பழஞ்சோறு எல்லாம் அதோடு போயின. பாணும் புளித்த மாவில் செய்வதுதான் என்பது மாமிக்குத் தோன்றவில்லை. பேக்கரிக்காரன் செய்தால் மா புளிக்காது போலும்.

எங்கள் வீட்டில் காலைச் சாப்பாடு எனக்கும் மாமிக்கும் ஒரு விதம், அம்மாவுக்கு வேறு விதம். எங்களுக்குப் பாணோ அப்பமோ இருக்கும். அம்மாவுக்கு ஒரு மண்சட்டி. இரவு மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி அந்தச் சட்டியில் மூடி வைப்பார். விடிய அது இலேசாகப் புளித்திருக்கும். தயிர் விட்டு, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் வெட்டிப் போட்டு, அடுப்படியில் குந்தியிருந்து சாப்பிடுவார். அதில் பங்கு கேட்டு நான் தினமும் போய் நிற்பேன். அந்தச் சட்டி இனி என் கண்ணிலேயே படக் கூடாது என்று மாமி உத்தரவு போட்டார்.

அம்மா ஒரு சொல் எதிர்த்துச் சொல்லவில்லை. நேர்ஸ் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நின்றவர் அவர்தான். அப்பா கட்டாரிலிருந்து போன் எடுத்து, அக்கா சொல்லுற மாதிரியே செய்யுங்க என்று சொன்னபோதும் ஓம் ஓம் என்றுதான் சொன்னார். எனக்கு மாமியில் வந்த கோபத்தைவிட அம்மாவில் வந்த கோபம் பெரிது. பெற்ற தாய் கட்சி மாறிவிட்டாரே என்று மனம் வெந்தது.

பாண் தடையில் இல்லாவிட்டாலும் பத்தியத்துக்குச் சோறுதான் என்றார் மாமி. உப்பில்லாத சோறும் அவித்த பருப்பும்தான் காலையில். அதேதான் மத்தியானமும் இரவும். பக்கத்து வீடுகளிலெல்லாம் மீன் பொரிக்கும் ஊரில் அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்ன கொடுமை என்பதை உடப்பில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். இரண்டாவது ஊசிக்குப் போனபோது என் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பிள்ளைக்கு ஏன் இப்படிக் களைப்பு என்று நேர்ஸ் கேட்க, பயந்துபோய் இருக்கிறாள் என்று மாமி சொன்னார். அம்மா என் தலையைத் தடவிக்கொண்டு நின்றார். நான் தலையை இழுத்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த காலையில்தான் மாமா என்னை வாடிக்குக் கூப்பிட்டார். வலைக்காரர்கள் இளைப்பாறுகிற ஓலைக் கொட்டில் அது. ஒரு மூடி போட்ட சில்வர் கிண்ணத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். பழஞ்சோறு. தயிர் விட்டு, வெங்காயம் போட்டு, ஓரத்தில் சுட்ட கருவாட்டுத் துண்டு ஒன்று. வாய் ஊறியது. ஆனால் பயமாகவும் இருந்தது. ஊசி கெட்டுப்போகாதா என்று கேட்டேன்.

"ஊசி எண்டது வலை மாதிரி புள்ள. வலையப் போட்டா மட்டும் மீன் கரைக்கு வருமா? இழுக்க ஆக்கள் வேணும். அந்த ஆக்கள் இந்தச் சோத்துக்குள்ளதான் இருக்காங்க."

நான் கிண்ணத்துக்குள் நன்றாகப் பார்த்தேன். ஆட்கள் ஒருவரும் தெரியவில்லை. ஆனாலும் கரைவலைக்காரர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு சோறு விடாமல் சாப்பிட்டேன். மாமிக்குச் சொல்லக் கூடாது என்றார் மாமா. அதை அவர் சொல்லவே தேவையில்லை.

அதன்பிறகு தினமும் காலையில் வாடிதான். வீட்டில் மாமி என் பத்தியச் சோற்றைத் தட்டில் போட்டு மூடி வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போவார். நான் கடற்கரைக்கு ஓடிவிடுவேன். திரும்பி வந்ததும் அம்மா என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப்போய், பிழிந்த தேசிக்காய்த் தோலால் என் விரல்களைத் தேய்த்துக் கழுவிவிடுவார். ஏனென்று கேட்டால், நாய்க்கடிக்கு நல்லது என்பார். மாமியோடு சேர்ந்து அம்மாவும் வைத்தியராகிவிட்டார் என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். உள்ளே போனால் என் பத்தியத் தட்டு வெறுமையாகக் கிடக்கும். கோயிலால் வந்த மாமி அதைப் பார்த்து, இப்பத்தான் பிள்ளை சொல் கேட்டுச் சாப்பிடுது என்று மகிழ்ந்துபோவார். யாரோ வீட்டுப் பூனை வந்து தின்றுவிட்டுப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பூனைக்கு மனதுக்குள் நன்றியும் சொன்னேன்.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்ததை ஒரு பின்னேரம் கெடுத்தது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி என்னைப் பார்க்க வந்தாள். மாமி அவளிடம் குரலைத் தாழ்த்தித் தன் தம்பியின் கதையைச் சொன்னார். அப்பாவுக்கு மூத்தவர். அப்படி ஒருவர் இருந்ததே எனக்கு அதுவரை தெரியாது. அவரையும் நாய் கடித்ததாம். ஊர் மருந்து கட்டினார்களாம். காயமும் ஆறிவிட்டதாம். ஒருநாள் தயிர்ச்சோறு கேட்டு அழுதபோது, பாவம் பார்த்து மாமிதான் கொடுத்தாராம். பிறகு கொஞ்ச நாளில் தண்ணீரைக் கண்டாலே நடுங்கத் தொடங்கினாராம். அதோடு போய்விட்டாராம். மாமி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவருக்கு ஊசியே போடவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை. தயிர்ச்சோறு மட்டும்தான் காதில் விழுந்தது. அன்றைக்கென்று பார்த்து அடுப்பில் பால் திரைந்துபோனது. பானையில் புளிப்புப் பட்டிருக்கும் என்று சொல்லி அம்மா அதை வெளியே ஊற்றினார். கட்டி கட்டியாகக் கிடந்த அந்தப் பாலை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அடுத்த நாள் காலையில் எனக்கு ஊசி. என் உடம்பு முழுக்கப் பழஞ்சோற்றுப் புளிப்பு. ஊசி மருந்து உள்ளே போனதும் இரத்தத்தோடு சேர்ந்து இப்படித்தான் திரையப் போகிறது என்று முடிவு செய்துவிட்டேன்.

விடிந்ததும் போய் ஒளிந்துகொண்டேன். கரையேற்றிக் கவிழ்த்து வைத்திருந்த பழைய வள்ளம் ஒன்றின் அடியில் நான் மட்டும் புகக்கூடிய இடைவெளி இருந்தது. சிலாபம் பஸ் ஹோன் அடித்துவிட்டுப் போவது கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஊரே என்னைத் தேடத் தொடங்கியது. இடைவெளிக்குள்ளால் மாமியின் கால்கள் தெரிந்தன. செருப்பில்லாமல் மணலில் ஓடிக்கொண்டிருந்தார். விழுந்தார், எழும்பினார், திரும்பவும் ஓடினார். கூப்பிட்டது என் பெயரை அல்ல. "தம்பி! தம்பி! எங்கடா போன?" என்று கத்தினார். மாமி வேறு யாரையோ தேடுகிறார் என்று நினைத்து நான் அசையாமல் கிடந்தேன்.

என்னைக் கண்டுபிடித்தது அம்மா. மணலில் படுத்து, தலையை உள்ளே நீட்டி, ஏன் இங்கே கிடக்கிறாய் என்று கேட்டார். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பழஞ்சோறு தின்றது, மாமா தந்தது, ஊசி போட்டால் நான் திரைந்துபோய்ச் செத்துவிடுவேன் என்பது. அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"நீ திண்டது நல்ல சோறு. அதால ஊசிக்கு ஒண்டும் வராது. ஊசி போடாட்டித்தான் எனக்குப் புள்ள இல்லாமப் போகும். வா."

அம்மா நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். மாமா யாரிடமோ மோட்டார் சைக்கிள் வாங்கிவந்தார். மாமாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நெரிந்துகொண்டு சிலாபம் போய்ச் சேர்ந்தபோது ஊசி அறையைப் பூட்டப் போகிற நேரம். நேர்ஸ் ஊசியைப் போட்டார். நான் திரைவதற்காகக் காத்திருந்தேன். வழியில் பசித்தது, அவ்வளவுதான்.

மிச்ச ஊசிகளையும் போட்டு முடித்த அன்று, மாமியே பாரை மீன் வாங்கிக் குழம்பு வைத்து, நடுத்துண்டை என் தட்டில் போட்டுவிட்டு அழுதார். தன் பத்தியம் பிள்ளையைக் காப்பாற்றிவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னார். பழஞ்சோறுதான் காப்பாற்றியது என்று மாமா வாடியில் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஊசியைப் பற்றி மட்டும் ஒருவரும் கதைக்கவில்லை.

இப்போது நான் பாலாவியில் ஒரு பார்மசியில் மருந்து கொடுக்கிறேன். அண்மையில் கம்பனிக்காரர் ஒருவர் புதுக் குளிசை ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். குடலுக்கு நன்மை செய்யும் கிருமிகள் அதற்குள் உயிரோடு இருக்கின்றனவாம், தயிரிலும் புளித்த சோற்றிலும் வளர்கிற சாதிதானாம். நோயோடு மல்லுக்கட்டும் படையில் பெரும்பங்கு குடலைச் சுற்றித்தான் இருக்கிறது, இந்தக் கிருமிகள் அந்தப் படையைத் தயாராக வைத்திருக்கக்கூடும், சில தடுப்பூசிகள் உடம்பில் நன்றாகப் பிடிக்கவும் உதவக்கூடும் என்றார். 'கூடும்' என்பதை மெதுவாகச் சொன்னார். மருந்து விற்கிறவளுக்கு அந்தச் சொல்தான் முதலில் கேட்கும். பிறகு நானே தேடி வாசித்தேன். சில ஊசிகளுக்குக் கொஞ்சம் பலன் கண்டிருக்கிறார்கள், சிலவற்றுக்கு ஒன்றும் காணவில்லை, இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். நாய்க்கடி ஊசி பழஞ்சோற்றுக்காகக் காத்து நிற்கிறது என்று நான் எங்கும் வாசிக்கவில்லை. பழஞ்சோறு அதைக் கெடுக்கும் என்றும் வாசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உடப்புக்குப் போனபோது மாமாவிடம் இதைச் சொன்னேன். நீங்கள் அன்றைக்கே சொன்ன கதையை இப்போது ஒருவர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்து சொல்கிறார் என்றேன். மாமா விழுந்து விழுந்து சிரித்தார்.

"எனக்கென்ன தெரியும்? நீ சாப்பிட வேணுமெண்டு வாயில வந்ததச் சொன்னன். சோறும் என்ட இல்ல. விடியக்காலையில வேலிக்கு மேலால கொம்மா நீட்டுவா. அவட சட்டிச் சோறு. ஒனக்குச் சொல்லக்கூடாதெண்டு சத்தியம் வாங்கினவ."

நான் அடுப்படிக்குப் போனேன். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். மாமா சொன்னது உண்மையா என்று கேட்டேன். குளிசையைப் பற்றியும் சொன்னேன். அம்மா நிமிராமலே, "அந்தக் குளிசையில கருவாடும் இருக்கா?" என்று கேட்டார். பிறகு எழும்பி, கையைக் கழுவி, மீன் வாடை போகத் தேசிக்காய்த் தோலை எடுத்து விரல்களில் தேய்த்தார்.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அந்தப் பூனை ஞாபகம் வந்தது. கருவாடு காயப்போடும் எங்கள் வளவுக்குள் மாமி ஒருநாளும் பூனையை அண்டவிட்டதில்லை. தம்பிக்குத் தயிர்ச்சோறு கொடுத்த அதே கையோடு வாழ்ந்துகொண்டிருந்த மாமியின் மனதையும் நோகடிக்காமல், என்னையும் பட்டினி போடாமல், மாமி கோயிலால் வருவதற்குள் என் உப்பில்லாத சோற்றைத் தின்று தட்டைக் காலியாக்க வீட்டில் ஒரே ஒருவர்தான் இருந்தார். நாய்க்கடிக்குப் பத்தியம் இருந்த கதையை இவ்வளவு காலமும் என் கதையாகத்தான் எல்லோருக்கும் சொல்லி வந்திருக்கிறேன். பத்தியம் இருந்தது அம்மா.