சான் ரோக்கே வாசலில் ஒரு சாய்வுப் பாதை

அந்த வருடம் சான் ரோக்கே கோயிலின் சாவி டெல்ஃபினியாவிடம் இருந்தது. நியூ மெக்சிகோவின் மலைப்பக்கத்தில் இருக்கும் ரின்கோன் ஆல்தோவில் வருடத்துக்கு ஒரு குடும்பம் கோயில் பொறுப்பை எடுத்துக்கொள்ளும். பெருக்கித் துடைப்பது, பீடத்துக்குப் பூ வைப்பது, மாதம் ஒருமுறை மலையேறி வரும் பாதிரியாருக்குச் சாப்பாடு போடுவது, ஜூன் மாதம் ஊரைக் கூட்டிச் சுவர்களுக்கு மண் பூசுவது எல்லாம் அந்தக் குடும்பத்தின் தலையில் விழும். கணவனும் மனைவியுமாகச் செய்ய வேண்டியதை டெல்ஃபினியா தனியாகச் செய்துகொண்டிருந்தாள். அவள் கணவர் ஒனோஃப்ரேயால் கோயிலுக்குள் நுழைய முடியவில்லை.

சர்க்கரை நோயில் அவருடைய ஒரு கால் போய்விட்டது. அதற்கு முன்பு அந்தக் கோயிலில் பாட்டு என்றால் ஒனோஃப்ரேதான். புத்தகம் பார்க்காமல் பாடுவார். சாவு வீட்டிலும் அவர்தான், திருவிழாவிலும் அவர்தான். இப்போது கோயில் மணி அடித்தால் வீட்டில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார்.

கோயில் முகப்பில் இரண்டு உயரமான கல்படிகள். அதற்கு மேல் ஒரு மரவாசல், அதுவும் குறுகலானது. படிக்குக் கீழேயே கல்லறைகள் தொடங்கிவிடும். ஈஸ்டர் அன்று ஒனோஃப்ரேயின் பெரியப்பா மகன் பெனிக்னோ ஒரு பலகையைப் படிமேல் சாய்த்து வைத்தான். பாதி ஏறியதும் சக்கர நாற்காலி பின்னால் வழுக்கியது. ஒனோஃப்ரே கல்லறைகளுக்கு நடுவில் விழுந்தார். ஊரே பார்த்தது. நாலு பேர் ஓடி வந்து, நாற்காலியோடு தூக்கி உள்ளே கொண்டுபோகிறோம் என்றார்கள்.

"நான் என்ன பியானோவா, தூக்கிட்டுப் போக?" என்றார். அதற்குப் பிறகு வரவே மாட்டேன் என்றுவிட்டார்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. அந்தப் படிகளை யாரும் தொடக் கூடாது என்று விதித்தவரே ஒனோஃப்ரேதான். இருபது வருடங்களுக்கு முன்பு, சுவர்மேல் பூசியிருந்த சிமென்ட்டை உடைத்தபோது ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே மண்கல் எல்லாம் ஊறிச் சேறாகிக் கிடந்தது. அவர் முன்னே நின்று சிமென்ட் முழுவதையும் உரிக்கவைத்தார். பழையபடி மண் பூசவைத்தார். மாநிலத்தின் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் கோயிலைச் சேர்க்க அலையாத இடமில்லை. பட்டியலில் இருந்ததால்தான் கூரை உத்தரங்களை மாற்ற உதவி வந்தது. அதற்குப் பதிலாக ஊர் கொடுத்த வாக்கு, முகப்பை மாற்ற மாட்டோம் என்பது. படியோரம் ஒரு கைப்பிடிக் கம்பி வேண்டும் என்று ஊரில் மூத்தவளான குருசிதா அத்தை கேட்டபோது, "அத்தை, கம்பி எதுக்கு? என் கையைப் பிடிச்சுக்கோங்க" என்று சொன்னவர் அவர்.

குருசிதா அத்தை அதை மறக்கவில்லை. ஈஸ்டருக்கு மறுவாரம் வீட்டுக்கே வந்து, "ஏண்டா ஒனோஃப்ரே, இப்ப உன் கையை யார் பிடிக்கிறது?" என்று கேட்டுவிட்டு, கொண்டுவந்த பீன்ஸ் பானையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

டெல்ஃபினியா மாநிலத் தலைநகரான சான்டா ஃபேயில் பாரம்பரியக் கட்டடங்களுக்கு யோசனை சொல்லும் மெரடித்துக்குப் போன் போட்டாள். மெரடித் தன்மையாகத்தான் பேசினாள். மரத்தில் ஒரு பாதை போடலாம், ஆனால் தூண் நட கல்லறைகள் இருக்கும் இடத்தைத் தோண்டக் கூடாது, வரைபடம் போட வேண்டும், ஒப்புதல் வாங்க வேண்டும், அடுத்த வசந்தத்துக்குள் முயற்சி செய்யலாம் என்றாள். அடுத்த வசந்தம். டெல்ஃபினியா சமையலறை ஜன்னல் வழியே ஒனோஃப்ரேயின் முதுகைப் பார்த்தபடி, சரி என்று போனை வைத்தாள்.

ஜூனில் மண் பூசும் நாள் வந்தது. ஆண்கள் மண்ணும் வைக்கோலும் மிதித்துக் குழைத்தார்கள். பெண்கள் கையால் சுவரில் வழித்துப் பூசினார்கள். மத்தியானம் பெனிக்னோ மீதமிருந்த மண் குவியலைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"கொமாத்ரே, இங்க வா" என்று கூப்பிட்டான். அவன் மகளுக்கு டெல்ஃபினியாதான் ஞானத்தாய். அதனால் அவன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டான். "வடக்குப் பக்கம் தரை மேடா இருக்கு பாரு. அங்கிருந்து சுவரோட ஒட்டி மண்ணைக் கொட்டி, மூலை சுத்தி வாசல் வரைக்கும் கொண்டுவந்துட்டா? கல்லறை எதையும் தொட வேண்டாம். ஆணி கூட அடிக்க வேண்டாம்."

"முகப்புல எதுவும் கட்டக் கூடாதே."

"யாரு கட்டறா? மண் பூசறோம். வருஷா வருஷம் பூசறதுதானே. இந்த வருஷம் கொஞ்சம் தடியா பூசறோம், அவ்வளவுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். சுவருக்கு எதிரி சிமென்ட்தான் என்று அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். மண்ணை எதிரி என்று யாரும் நினைத்ததில்லை. பொழுது சாய்வதற்குள் சாய்வுப் பாதை வடக்குச் சுவரை உரசிக்கொண்டு, மூலை திரும்பி, வாசல்வரை வந்துவிட்டது. பார்த்தால் கோயிலோடு கூடவே முளைத்த மாதிரி இருந்தது.

அது காய்ந்ததும் டெல்ஃபினியா ஒனோஃப்ரேயை வண்டியில் அழைத்துவந்தாள். அவர் பாதையை வெகுநேரம் பார்த்தார். சுவர் பாதையோடு சேரும் இடத்தில் விரலை ஓட்டினார். ஏதோ சொல்லப்போகிறார் என்று அவளுக்குத் தோன்றியது. "தள்ளு" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஞாயிறு அவர் பாடினார். குரல் முதலில் கரகரத்தது, இரண்டாம் பாட்டில் சரியாகிவிட்டது. டெல்ஃபினியா பின் பெஞ்சில் உட்கார்ந்து பீடத்தைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று வீட்டுக்கு வந்ததும் பச்சை மிளகாய்க் குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஜூலையில் மழை தொடங்கியது. அங்கே மழை மத்தியானத்தில் திடீரென்று வந்து அடித்துவிட்டுப் போய்விடும். வெயில் வந்தால் சுவர்கள் உடனே காய்ந்துவிடும். ஒருநாள் பெருக்கப் போனபோது வடக்கு மூலையில் உள்பக்கச் சுவர் கறுத்திருப்பதை டெல்ஃபினியா பார்த்தாள். கை வைத்தாள். சில்லென்றிருந்தது. நகத்தால் கீறியதும் மண் வெண்ணெய் மாதிரி வந்தது. வெளியே வந்து பார்த்தால், மழைத் தண்ணீர் பாதைக்கும் சுவருக்கும் நடுவில் இறங்கிப் போக வழியில்லாமல் நின்றிருந்தது. சுவர் அதைக் கீழிருந்து உறிஞ்சிக்கொண்டிருந்தது.

பாதையை வெட்டி எடுக்க வேண்டும். உடனே எடுக்க வேண்டும். அவளுக்கு அது நன்றாகவே தெரிந்தது. திருவிழா ஆகஸ்ட் நடுவில். ஒனோஃப்ரே தினமும் குளியலறையில் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் வாளியில் மண்ணைக் குழைத்துக் கறுப்பின்மேல் பூசினாள். காய்ந்ததும் வெள்ளைக் களிமண்ணால் ஒரு கை இழுத்துவிட்டாள். நாலு நாளில் கறை திரும்ப வந்தது. திரும்பப் பூசினாள். 'திருவிழா முடியட்டும்' என்று புனித ரோக்கேயின் சிலையிடம் சொன்னாள். புனிதருக்கு ரொட்டி கொண்டுவந்து கொடுத்ததாகச் சொல்லும் நாயும் சிலையின் காலடியில் இருந்தது; அதன் முகத்தைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது.

திருவிழா நடந்தது. அல்புகெர்க்கி நகரத்திலிருந்து பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் வந்தார்கள். ஒனோஃப்ரே பாடினார், ஊர் சேர்ந்து பாடியது. டெல்ஃபினியா மட்டும் வடக்கு மூலைக்குப் பக்கத்தில் யாரையும் உட்காரவிடாமல் பூச்சாடிகளை அடுக்கி வைத்திருந்தாள்.

அந்த வாரக் கடைசியில் பெருமழை பெய்தது. மத்தியானம், உள்ளே யாரும் இல்லாத நேரம். ஒரு லாரி மண்ணைக் கொட்டின மாதிரி சத்தம் கேட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். வடக்குச் சுவரின் முனை, ஒரு வண்டி நுழையும் அளவுக்கு, வெளியே சரிந்து கிடந்தது. உத்தரம் ஒன்று தொங்கியது. பெனிக்னோவும் மற்றவர்களும் மரங்களை வைத்து முட்டுக்கொடுத்தார்கள்.

மறுநாள் மெரடித் வந்தாள். ஊர் முற்றத்தில் கூடியது. மெரடித் சரிந்த மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று டெல்ஃபினியாவுக்கு இருந்தது.

"இது ஒரு மழையில ஆனதில்ல. ரொம்ப நாளா ஊறியிருக்கு. உள்ள கறை எதுவும் தெரியலையா?" என்று மெரடித் கேட்டாள்.

டெல்ஃபினியா முன்னால் வந்தாள்.

"தெரிஞ்சுது" என்றாள் டெல்ஃபினியா. "ஜூலையிலேயே எனக்குத் தெரியும். நான்தான் மேல மேல பூசி மறைச்சேன். சாவி என் கையில, வேற யாரு பாக்கப்போறா?"

ஊர் முழுவதும் அவள் பக்கம் திரும்பியது.

"அவளை ஏன் பாக்கறீங்க?" வண்டியின் நிழலில் இருந்த ஒனோஃப்ரே நாற்காலியை முன்னால் உருட்டினார். "பாதையைப் பாத்த அன்னைக்கே எனக்குத் தெரியும். சுவர்ல ஈரம் வெளியேற வழியில்லாம நின்னா என்ன ஆகும்னு இந்த ஊருக்கே பாடம் எடுத்தவன் நான். வாயைத் திறந்தா திரும்ப வீட்டுல உக்காரணும். அதான் திறக்கல."

டெல்ஃபினியா அவரைத் திரும்பிப் பார்த்தாள். ஒரே வீட்டில், ஒரே மேசையில், இரண்டு பேரும் ஒரே விஷயத்தை ஒருவரிடம் ஒருவர் மறைத்திருந்தார்கள்.

குருசிதா அத்தை தடியை ஊன்றி எழுந்தாள். "சரி, ரெண்டு பேரும் பாவசங்கீர்த்தனம் பண்ணியாச்சு. மன்னிப்பைப் பாதிரியார் வந்து குடுக்கட்டும். இந்த ஓட்டைக்கு வழி சொல்லுங்க. எனக்கு ரெண்டு முட்டியும் போச்சு. நானும் ரெண்டு வருஷமா அந்தப் படியில நண்டு மாதிரிதான் ஏறறேன். ஒருத்தரும் கேக்கல, ஏன்னா எனக்குப் பாட வராது." சரிந்த இடத்தைத் தடியால் காட்டினாள். "இங்க தரையும் உள்தரையும் சமமா இருக்கு. திரும்பக் கட்டறப்ப இங்கயே ஒரு கதவு வெச்சா என்ன?"

மெரடித் யோசித்துத்தான் பதில் சொன்னாள். "வெக்கக் கூடாதுன்னு நான் சொல்லல. கேட்டுப் பாக்கிறேன். ஆனா பட்டியல்ல கோயில் இருக்குமான்னு என்னால உறுதி சொல்ல முடியாது. இல்லாமப் போனா அடுத்த தடவை கூரை போச்சுன்னா உதவி வராது."

கை தூக்கச் சொன்னார்கள். கதவு வேண்டும் என்று முதலில் தூக்கியது டெல்ஃபினியாவின் கை. கணவரைப் பார்க்காமலே தூக்கினாள். குருசிதா அத்தை, பெனிக்னோ, அப்புறம் ஒவ்வொன்றாகப் பாதிக்கு மேல் கைகள். வேண்டாம் என்றவர்களும் நல்லவர்கள்தான். சிமென்ட் உரித்த காலத்தில் ஒனோஃப்ரேயோடு தோள் கொடுத்தவர்கள். ஒனோஃப்ரே இரண்டுக்கும் கை தூக்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எனக்காகவா தூக்கின?"

"முதல்ல உனக்காகத்தான். அத்தை பேசினதுக்கு அப்புறம் அப்படி மட்டும் இல்ல."

செப்டம்பரில் சாய்வுப் பாதையை வெட்டி எடுத்துவிட்டு, மண்கல் அறுக்கத் தொடங்கினார்கள். சான்டா ஃபேயிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. குளிருக்கு முன் சுவரை மூடியாக வேண்டும், அதனால் கதவுக்கு இடம் விட்டே கட்டினார்கள். ஒனோஃப்ரே தினமும் வந்து முற்றத்தில் உட்கார்ந்து, வைக்கோல் போதாது, மண் தண்ணியாக இருக்கிறது என்று குறை சொல்லிக்கொண்டிருந்தார். கதவு வருமிடத்தை மட்டும் பார்க்க மாட்டார். நிலைச்சட்டம் பொருத்திய அன்று பெனிக்னோ, "நாற்காலியை உருட்டிப் பாரேன், அகலம் போதுமான்னு" என்றான்.

"அளந்து பாரு. உனக்குத்தான் அளவுகோல் இருக்கே" என்றார் ஒனோஃப்ரே.

டெல்ஃபினியா சேற்றுக் கையோடு நின்று இதைக் கேட்டாள். அவர் அந்த வழியாக உள்ளே போவாரா, மாட்டாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. குனிந்து அடுத்த கல்லை எடுத்து பெனிக்னோவிடம் கொடுத்தாள்.