மலைப் பக்கம் திரும்பி நின்றோம்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் கடலூரில் ஒரு பாலிடெக்னிக்கில் கணக்குப்பதிவியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கணவருக்கு வேலை திருவண்ணாமலையில். வீடும் அங்கேதான். கடலூரில் கடற்கரைக்கு நடந்துபோகிற தூரத்தில் இரண்டு அறை எடுத்து, நானும் பதினொரு வயது மகளும் இருந்தோம். சனிக்கிழமை மதியம் பஸ் ஏறி ஊருக்குப் போவோம், ஞாயிறு சாயங்காலம் திரும்புவோம். திருக்கோவிலூர் தாண்டியதும் ஜன்னலில் மலை தெரிகிறதா என்று யார் முதலில் பார்ப்பது என்பது எங்களுக்குள் ஒரு போட்டி.

எங்கள் ஊர்க்காரர்களில் பலருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த ஊர்த் தண்ணீரில் முழுகினாலும், முதலில் மலை இருக்கிற திசையைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுத்தான் முழுகுவார்கள். என் அப்பா அப்படிச் செய்வார். நானும் செய்வேன். மகளுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

தை அமாவாசையன்று கல்லூரி விடுமுறை. காலையில் அவளைக் கடலுக்கு அழைத்துப்போனேன். முழங்கால் அளவு தண்ணீரில் நின்றோம். "மலை அந்தப் பக்கம். திரும்பிக் கும்பிடு, மூக்கைப் பிடிச்சிக்கோ, மூணு முழுக்கு" என்றேன். கடலூருக்கு எங்கள் மலை மேற்கே இருக்கிறது. இரண்டு பேரும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணை மூடி, கைகூப்பி நின்றோம்.

அலை பின்னாலிருந்து வந்து முழங்காலை மடக்கியது. நான் மணலில் விழுந்து, வாயில் உப்போடு எழுந்தபோது பக்கத்தில் அவள் இல்லை. சிவப்புப் பாவாடை மட்டும் நாலு ஆள் தூரம் தள்ளித் தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை. எனக்கு நீந்தத் தெரியாது. கத்தினேனா என்றுகூட நினைவில்லை.

கரையில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் புடவையோடு ஓடிவந்து, அடுத்த அலைக்குள் புகுந்து, மகளின் பின்னலைப் பிடித்து இழுத்து வந்தார். குப்புறப் போட்டு முதுகில் அறைந்தார். மகள் தண்ணீரைக் கக்கி அழ ஆரம்பித்த பிறகுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எந்த ஊரும்மா நீங்க? கடலுக்கு முதுகு காட்டிக்கினு யாராச்சும் நிப்பாங்களா?"

"அம்மாதான் திரும்பச் சொன்னாங்க" என்றாள் மகள், இருமலுக்கு நடுவில். குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். அந்த வார்த்தை இன்றைக்கும் எனக்குள் ஆறவில்லை.

மறுநாள் வகுப்பில் நடத்த வேண்டிய பாடம் பிழைகள். கூட்டலில் தவறினால் இருப்புச் சோதனையில் பற்று, வரவு இரண்டு பக்கமும் ஒத்துவராது, பிழை தானாகவே முகத்தைக் காட்டிவிடும். கோட்பாட்டுப் பிழை அப்படியில்லை. இயந்திரத்தைப் பழுது பார்த்த செலவை, புது இயந்திரம் வாங்கியதாக எழுதிவைத்தால் இரண்டு பக்கமும் அழகாக ஒத்துப்போகும். ஆனால் கணக்கு தப்பு. இதைப் பத்து வருடமாகச் சொல்லிவந்தவள்தான் நான். அன்று கரும்பலகையில் எழுதும்போது சாக்பீஸ் இரண்டு தடவை ஒடிந்தது.

முன் பெஞ்சு மாணவி ஒருத்தி கேட்டாள்: "ரெண்டு பக்கமும் சரியா இருக்குதுன்னா, தப்புன்னு எப்படி மேடம் தெரியும்?"

"ஒவ்வொரு பதிவையும் ஏன் அப்படி எழுதினோம்னு கேட்டுப் பாக்கணும்" என்றேன். வருடா வருடம் சொல்கிற பதில்தான்.

அதன் பிறகு மகள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வதை நிறுத்திவிட்டாள். குளியலறையில் சொம்பைத் தோளுக்கு மேல் தூக்கமாட்டாள். வாளியில் தண்ணீர் நிரம்பும் சத்தம் கேட்டால் "அம்மா, இருக்கியா?" என்று உள்ளிருந்து கூப்பிடுவாள். முகம் கழுவும்போது கண்ணை மூடாமல், சோப்பு எரிந்தாலும் திறந்தே வைத்திருப்பாள். என் நிலையும் அவளைவிட மேலாக இல்லை. மூன்றரை மணிக்கு அவள் பள்ளி விடும். அந்த நேரத்து வகுப்பைத் தட்டச்சு சொல்லிக்கொடுக்கும் ஆசிரியையிடம் ஒப்படைத்துவிட்டுப் பள்ளி வாசலுக்கு ஓடுவேன். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்து, அவர் கேட்டார்: "எத்தினி நாளைக்கு மேடம் ஓடுவீங்க? அவ கல்யாணம் வரைக்குமா?"

கணவர் முடிவோடு இருந்தார். மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவண்ணாமலை வீட்டில் மாற்றல் விண்ணப்பத்தை அவரே அழகான கையெழுத்தில் எழுதி, பேனாவை மேலே வைத்து என் முன்னால் நகர்த்தினார்.

"இங்க எடம் காலி இல்ல, வேலூருக்குக் கேளு. அங்க கடல் இல்ல."

"வேலூர்ல ஆத்துலயே தண்ணி இல்லைங்க."

"அதுக்குத்தான் சொல்றேன்." அவர் சிரிக்கவில்லை. "நீ பயந்துக்கினு இருக்கிறது ஜாஸ்தி ஆயிட்டே போவுது. புள்ள அத்தப் பாத்து உன்னவிட ஜாஸ்தி பயப்படுது. எதுக்கு இந்த அவஸ்தை?"

அவர் சொன்னதில் பாதி சரி. அவளுடைய பயம் என்னிடமிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. வாளிச் சத்தம் கேட்டதும் அவள் கூப்பிடுவதற்கு முன்பே நான் எழுந்து குளியலறை வாசலில் நிற்பேன். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு, தண்ணீர் இல்லாத ஊருக்கு அவளைக் கொண்டுபோய்விட்டால் எல்லாம் ஒத்துவந்ததுபோலத்தான் தோன்றும். ஆனால் அவள் சொம்புத் தண்ணீருக்கு அஞ்சிக்கொண்டே வளர்வாள்.

"ஜூன் வரைக்கும் டைம் குடுங்க" என்றேன். "மே மாசம் நாங்க ரெண்டு பேரும் நீச்சல் கத்துக்கப் போறோம்."

"ரெண்டு பேருமா? உனக்கு நாப்பது வயசு ஆவுது."

"தெரியும்."

என் அண்ணனுக்குக் கீழ்பென்னாத்தூரில் நிலம். நெல்லும் மணிலாக் கடலையும் போடுவார். பம்ப் செட் கிணறு, சுவரிலிருந்து நீண்ட கல்படிகளோடு, நல்ல ஆழம். அண்ணி பிறந்த வீட்டிலும் அப்படியொரு கிணறு இருந்ததால் சின்ன வயதிலிருந்தே நன்றாக நீந்துவார். கோடை விடுமுறைக்கு நாங்கள் போய் இறங்கி விஷயத்தைச் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு அண்ணனின் பழைய முழுக்கைச் சட்டை இரண்டை எடுத்துவந்து எங்களிடம் கொடுத்தார். அண்ணனைப் பார்த்து, "காலையில எட்டு மணி வரைக்கும் கெணத்துக் கொல்லி பக்கம் ஆம்பளைங்க யாரும் தலை காட்டக் கூடாது. நீயுந்தான்" என்றார்.

காலி மண்ணெண்ணெய் டின்னின் வாயை ஈயம் வைத்து அடைத்து முதுகில் கட்டி, இடுப்பில் கயிறு சுற்றி, மறு முனையை அண்ணி பிடித்துக்கொள்வார். முதலில் நான் இறங்கினேன். கடைசிப் படியில் உட்கார்ந்து, பச்சைத் தண்ணீரைப் பார்த்தபடி அரைமணி நேரம் இருந்தேன். மகள் மேலே நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கிறாள் என்பதால்தான் கையை விட்டேன்.

மூழ்கி, குடித்து, எழுந்தேன். டின் தூக்கிவிட்டது. ஒன்று, இரண்டு என்று உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே காலை அடித்தேன்.

"கணக்கு டீச்சரம்மா, அங்க இன்னா கூட்டிக்கினு இருக்கிற? கால உதைம்மா!" என்று அண்ணி கயிற்றை ஆட்டினார். கிணற்றுக்குள் அவர் சிரிப்பு சுற்றிச் சுற்றி ஒலித்தது. மேலே மகளும் சிரித்தாள். தை மாதத்துக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

அவள் இறங்குவதற்கு ஐந்து நாள் ஆனது. முதல் நாள் பாதம் மட்டும். அடுத்த நாள் இடுப்பு. தலை நனைய வேண்டும் என்றதும் ஏறிப் போய்விட்டாள். அண்ணி வற்புறுத்தவில்லை. "நாளைக்கும் இந்தக் கெணறு இங்கதான் இருக்கும். எங்க போவப் போவுது?" என்றார். ஆறாம் நாள் அவளாகவே டின்னைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

நான் தினமும் இறங்கினேன். காய்ச்சல் வந்த நாளிலும் இறங்கினேன். மூன்றாவது வாரத்தில் டின் இல்லாமல் குறுக்கே போய்வர முடிந்தது. அழகாக ஒன்றும் இல்லை. எருமை மாதிரி மூச்சு வாங்கும். ஆனால் மூழ்கவில்லை.

மே கடைசியில் ஒருநாள் காலை, மகள் படியில் நின்றுகொண்டு, "அத்தை, டின்னை அவுத்துடுங்க. கயிறும் வேணாம்" என்றாள்.

"நாளைக்குப் பாக்கலாம்" என்று நான் முந்திக்கொண்டேன்.

அண்ணி என்னைப் பார்த்தார். "நீ மேல ஏறிப் போயிடும்மா. நீ மூஞ்ச இப்படி வச்சிக்கினு நின்னா அவ எப்படி நீஞ்சுவா?"

"நான் போகமாட்டேன் அண்ணி."

"அப்ப எதிர்ச் சுவத்துக்குப் போ. தண்ணில கெட. அப்பத்தான் பயப்பட உனக்கு நேரம் இருக்காது."

அது உண்மைதான். தண்ணீரில் இறங்கி, மறுபக்கம் போய், சுவரில் நீண்டிருந்த கல்லை ஒரு கையால் பற்றிக்கொண்டு காலை அடித்துக்கொண்டிருந்தேன். முடிச்சு அவிழ்ந்தது. டின் படியில் இடிபட்டது. மகள் மூச்சை இழுத்துக்கொண்டு குதித்தாள்.

தலை உள்ளே போனது. எழுந்தது. கண் மூடியிருந்தது. அவள் கை தண்ணீரை அள்ளித் தள்ளியதையும், பாதிக் கிணற்றில் ஒருமுறை தாழ்ந்து வாயிலிருந்த தண்ணீரைத் துப்பிக்கொண்டு மேலே வந்ததையும் பார்த்தேன். கல்லை விட்டுவிட்டு அவளை நோக்கிப் பாய உடம்பு முன்னால் போனது. "நில்லும்மா!" என்று எதிரிலிருந்து அண்ணி அதட்டினார். நின்றேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கடினமாக வேறெங்கும் நின்றதில்லை.

அவள் கிட்டே வந்தாள். நான் கையை நீட்டினேன். அதை அவள் பார்த்தாளோ இல்லையோ தெரியாது. என் தோளுக்குப் பக்கத்தில் சுவரில் பாதத்தை வைத்து ஓங்கி உதைத்து, வந்த வழியே திரும்பிப் போய்விட்டாள்.