நெருக்கிப் போட்ட இருபது பலகைகள்

இலங்கை மலைநாட்டில் 'எல்ல' என்ற ஊரில் எங்கள் வீட்டின் இரண்டு அறைகளைச் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். அவர்கள் தேநீர் குடித்தபடி மலையைப் பார்க்கட்டும் என்று, போன ஆகஸ்டில், வீட்டுச் சுவருக்கும் சரிவின் விளிம்புக்கும் நடுவே ஒரு மரமேடை போட்டேன். 'போட்டேன்' என்பது பெருமைக்கு. போட்டவர் கீழே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருக்கும் தச்சு மேஸ்திரி; எங்கள் ஊர்ப் பேச்சில் 'பாஸ்'. நான் பக்கத்தில் நின்று குறை சொன்னேன்.

பாஸ் பலகைகளுக்கு நடுவே ஆணி நுழைகிற அளவு இடம் விட்டு அடுக்கினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"என்னங்க பாஸ், சொத்தைப் பல்லு மாதிரி இடுக்கு இடுக்கா?"

"மழைக்கு மரம் அகலத்துல உப்புங்க. அதுக்கு இடம் வேணும்."

"வெள்ளைக்காரப் புள்ளைங்களோட செருப்பு மாட்டிக்கும். நெருக்கிப் போடுங்க."

என்னைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், நெருக்கிப் போட்டார். சுவரிலிருந்து விளிம்புத் தூண்கள் வரை இருபது பலகைகள். ஊசி நுழையாது.

நவம்பரில் நான்கு நாள் விடாத மழை. அப்படிப் பெய்தால் எங்கள் ஊரில் யாரும் வானத்தைப் பார்க்க மாட்டார்கள், மலையைப் பார்ப்பார்கள். மண்சரிவின் அறிகுறிகள் எங்களுக்கு மனப்பாடம்: தூண் சாயும், கதவு இறுகும், வெடிக்கிற சத்தம் கேட்கும். ஐந்தாம் நாள் காலை, மேடையின் தூண்கள் பள்ளத்தின் பக்கம் சாய்ந்திருந்தன. மேடையின் சின்னக் கேட்டைத் தள்ளினேன், அசையவில்லை. அந்த நேரம் பார்த்து, மேடை விளிம்பின் கைப்பிடிச் சட்டம் தூணோடு சேரும் இடத்தில் 'டப்' என்றது.

மூன்றும் சரி. மலை வருகிறது.

"ஓடுங்க! மலை எறங்குது!" என்று கத்திக்கொண்டு லயத்துக்கு ஓடினேன். ஆறு குடும்பங்களையும் எதிர்மேட்டிலுள்ள தேவாலய மண்டபத்துக்கு விரட்டினேன். அங்கே மூச்சு வாங்கும்போதுதான் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். உடம்பில் சட்டை இல்லை. கையில் இஸ்திரிப்பெட்டி.

"இத எதுக்குங்க தூக்கிட்டு வந்தீங்க?"

"அவசரத்துல முக்கியமானதத்தான் கை எடுக்கும்."

"என்னைய எடுக்கலையே!"

பாஸ் மட்டும் மலையையும் மேடையையும் பார்க்கப் போயிருந்தார். அரை மணி நேரம் கழித்து நனைந்து வந்தார்.

"மண்ணுல ஒரு கீறல் இல்ல. ஊத்துத் தண்ணி கலங்காம ஓடுது. உப்பினது ஒங்க பலகைதாங்க. ஒண்ணுக்கு ஒரு நூல், அரைக்கால் இஞ்சுன்னாலும் இருபதுக்கு ரெண்டரை இஞ்சு. வீட்டுச் சொவரு அசையுமா? தூணத் தள்ளிருச்சு, கேட்டும் அதுலதான் இறுகிருச்சு. கைப்பிடிப் பொருத்து பிளந்த சத்தந்தான் நீங்க கேட்டது."

மண்டபமே என்னைப் பார்த்தது. சிரிப்பு அடங்க வெகுநேரமானது. நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே வேறொரு பயம். நாளைக்கு நிஜமாகவே மலை இறங்கினால், என் சத்தத்தை நம்பி யார் வருவார்கள்?

"சரி, எல்லாரும் வீட்டுக்குப் போங்க. மன்னிச்சுக்கங்க" என்றேன்.

யாரும் எழவில்லை. லயத்து அக்கா ஒருத்தி உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"மழை விடட்டும், சாப்பிட்டுட்டுப் போவோம். அடுத்த தடவையும் கத்துங்க தம்பி, ஓடி வர்றோம். ஆனா சட்டையப் போட்டுக்கிட்டுக் கத்துங்க. புள்ளைங்க ஒங்களப் பார்த்துத்தான் ரொம்பப் பயந்துருச்சுங்க."