குதிக்காலுக்குக் கீழே ஓர் உறை

மருந்துக் குளிசை போட்டுத் தரும் சின்னக் கடதாசி உறை கையில் கிடைத்தால், இன்றைக்கும் என் குதிக்கால் தானாகத் தரையோடு ஒட்டிக்கொள்ளும். அந்தப் பழக்கத்தைத் தந்தவர் மட்டக்களப்புக் கிளினிக்கில் இருந்த தாதி. மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம்.

அப்போது எனக்குப் பத்து வயது. சிறுநீரக வருத்தத்தால் முகம் அதைத்து, மாதம் ஒருமுறை எங்கள் ஊர் கிரானிலிருந்து அம்மாவோடு பஸ் ஏறுவேன். இரத்தத்தில் தேங்கும் கிரியேற்றினின் என்ற கழிவையும் பிள்ளையின் உயரத்தையும் வைத்துத்தான் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறதென்று கணிப்போம் என்று டொக்டர் அம்மாவுக்கு விளங்கப்படுத்தியிருந்தார். எண் குறைந்தால் கொழும்புக்கு அனுப்புவார்கள். கொழும்புக்குப் போன பிள்ளை திரும்பி வராது என்று அம்மா எப்படியோ நம்பியிருந்தார். டொக்டர் சொன்னதில், உயரம் கூடினால் எண்ணும் கூடும் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டார். சுவரில் அறைந்த அளவுகோலில் நான் சாயும்போதெல்லாம், "கொஞ்சம் எம்பு மகள்" என்று காதுக்குள் சொல்வார். நீளப் பாவாடை குதிக்காலை மறைத்துவிடும். வரவரக் கூடுதலாக எம்பப் பழகினேன். பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு வேறு. இந்தக் களவு ஒரு வருடம் ஓடியது.

மாற்றலாகி வந்த மிஸ்ஸிதான் பிடித்தார். குனிந்து, வெற்றுக் குளிசை உறையொன்றை என் குதிக்காலுக்குக் கீழே தள்ளினார். அது சுகமாக உள்ளே போனது.

"ரெண்டு சென்ரிமீற்றர் கூடப் போட்டா உங்களுக்கு என்ன குறைஞ்சு போகும் மிஸ்ஸி?" அம்மா அழத் தொடங்கிவிட்டார்.

"போட்டா எண்ணுத்தான் கூடும். அது பிள்ளைட கிட்னிக்கு விளங்குமா கா?"

குதிக்காலை ஊன்றவைத்துத் திரும்ப அளந்தார். பிறகு என் கிளினிக் அட்டையைப் பின்னுக்குப் புரட்டி நெடுநேரம் பார்த்தார். நான் எம்பப் பழகுமுன், ஒரு வருடத்துக்கு முதல் எழுதிய அதே உயரம். நான் வளரவே இல்லை. சிறுநீரகம் பழுதானால் பிள்ளையின் வளர்ச்சியும் நின்றுவிடுமாம். நாங்கள் இருவரும் சேர்ந்து மறைத்தது அதைத்தான். அம்மா அட்டையை வாங்கித் தானும் புரட்டிப் பார்த்தார். மிஸ்ஸி ஏசவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து, "கொழும்புக்குக் கொண்டு போங்க. திருப்பிக் கொண்டு வருவீங்க" என்றார்.

அம்மா கொண்டு போனார். தன் சிறுநீரகம் ஒன்றை எனக்குள் வைத்துத் திருப்பியும் கொண்டு வந்தார்.

இப்போது பெரியவர்களுடைய கிளினிக்கில் என் உயரத்தை யாரும் கேட்பதில்லை. இரத்தமும் வயதும் போதுமாம். ஆனாலும் போன கிழமை, அம்மாவோடு குளிசை வாங்கிக்கொண்டு வரும் வழியில், ஆஸ்பத்திரிச் சுவரில் ஓர் அளவுகோலைக் கண்டு செருப்பைக் கழற்றிவிட்டுச் சாய்ந்து நின்றேன். ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. அம்மா தன் பையைத் துழாவி வெற்று உறையொன்றை எடுத்தார். முழங்கால் நோவோடு குனிந்து, என் குதிக்காலுக்குக் கீழே தள்ளிப் பார்த்தார்.

உறை போகவில்லை.