மூக்குத்தண்டுக்கு அளவெடுத்த கதை

என் மூக்கைப் பற்றி எங்கள் தெருவில் மூன்று கதைகள் உலவின. வீட்டுக்காரி கரண்டியால் போட்டாள் என்பது ஒன்று. குடித்துவிட்டுத் தையல் மிஷின் மேல் கவிழ்ந்தேன் என்பது இன்னொன்று. மூன்றாவதை நானே கிளப்பிவிட்டேன்: புதுக் கண்ணாடி, பிரேம் ஒத்துக்கவில்லை. மூன்றில் அதைத்தான் யாரும் நம்பவில்லை. ஊசியில் நூல் கோக்க எதிர்க்கடைக்காரரைக் கூப்பிடுகிறவன் நான். கண்ணாடி போட்டால் வயசு தெரிந்துவிடும் என்று வீம்பு. அது எங்கள் முத்தியால்பேட்டைக்கே தெரியும்.

நிஜம் இந்த மூன்றையும்விடச் சப்பையானது. தூங்கும்போது எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறது. அதற்கு ஒரு மிஷின் கொடுத்திருக்கிறார்கள், டிபன் பாக்ஸ் அளவில். அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் முனையில் மாஸ்க், மாஸ்க்கை மூக்கின் மேல் இழுத்துப் பிடிக்கத் தலையைச் சுற்றி நாலு பட்டை. ராத்திரி முழுக்கக் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும். அந்த மாஸ்க்கின் மேல்விளிம்பு உட்காரும் இடத்தில், இரண்டு கண்ணுக்கும் நடுவில், என் தோல் போய்விட்டது. முதலில் சிவப்பு, அப்புறம் கொப்புளம், அப்புறம் புண். முகம் கழுவினால் எரியும். வேர்த்தால் எரியும். எங்கள் ஊரில் வேர்க்காத மாதம் எது என்று யாராவது சொன்னால், அந்த மாதம் மட்டும் மாஸ்க் போட்டுக்கொள்ளத் தயார்.

உண்மையில் அந்த மிஷின் என் வீட்டுக்காரிக்காக வந்தது. டவுனில், பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய பழைய வீடு ஒன்றைத் தங்கும் விடுதியாக்கியிருக்கிறார்கள். அங்கே காலை டிபன் அவள் பொறுப்பு. ஆறரைக்கு அடுப்பு எரிய வேண்டும், ஆறு மணிக்கு ஸ்கூட்டியை எடுத்துவிடுவாள். என் குறட்டைக்கு அவள் எப்போதோ பழகிவிட்டாள். குறட்டை நிற்கும் இடத்துக்குத்தான் பழக முடியவில்லை. நின்றதும் விழித்து, என் நெஞ்சின் மேல் கையை வைத்துக் காத்திருப்பாள். மூச்சு வரவில்லையென்றால் உலுக்குவாள். நான் "இன்னா" என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கிவிடுவேன். நோய் எனக்கு, நைட் ட்யூட்டி அவளுக்கு.

போன வருஷம் ஒரு காலையில், பெரிய வாய்க்கால் ஓரம், வண்டி ஓட்டிக்கொண்டே கண்ணசந்துவிட்டாள். முழங்கையும் முட்டியும் தேய்ந்து வந்து நின்றாள். "ரோட்டுல பள்ளம்" என்றாள். மறுநாள் நான் அந்த வழியாகப் போய்ப் பார்த்தேன். புதுசாகப் போட்ட ரோடு, கன்னம் வைத்துப் படுக்கலாம். டாக்டரைப் பார்க்கிறேன் என்று நான் ஒத்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

மாஸ்க் போட்ட முதல் ராத்திரி என்னைப் பார்த்து "யானைக்குட்டி" என்று சிரித்தாள். பத்தே நிமிஷத்தில் தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எப்போதும் முந்திக்கொண்டு தூங்குகிறவன் நானல்லவா.

இரண்டாவது வாரம் மூக்குத்தண்டு சிவந்தது. இந்த இடத்தில் என் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது, அதுதான் தப்பு. தோல் உரசினால் தேங்காயெண்ணெய் என்று, தடவிக்கொண்டு மாஸ்க்கை மாட்டினேன். மாஸ்க் வழுக்கியது. விளிம்பு வழியாகக் காற்று கசிந்து, நேராகக் கண்ணுக்குள் ஊதியது. சத்தம் வேறு, மரியாதையான இடத்தில் எழுப்பக்கூடாத சத்தம். அதனால் பட்டையை இழுத்து இறுக்கினேன். இறுக்கியதும் இன்னும் சிவந்தது. இன்னும் எண்ணெய், இன்னும் வழுக்கல், இன்னும் இறுக்கம். பட்டையில் இதற்கு மேல் இழுக்க இடமில்லை என்றானபோது, அதைக் கடைக்கு எடுத்துப்போனேன்.

வருஷக்கணக்காக நான் தையல்காரன். "பிட்டிங்கா, அவர்கிட்ட போ" என்று சொல்லும் நாலு பேராவது எங்கள் பேட்டையில் இருக்கிறார்கள். பட்டை தொளதொளப்பாக இருந்தால் என்ன செய்வது என்று எனக்கா தெரியாது? நாலு பட்டையிலும் அரை அரை இஞ்ச் பிடித்து, பிரியவே கூடாதென்று ரெட்டைத் தையல் போட்டேன். கண்ணாடி முன்னால் நின்று ட்ரயல் பார்த்தேன். மாஸ்க் முகத்தோடு முகமாக ஒட்டியது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மூன்றாம் நாள் புண் ஆனது.

அதற்கு மேல் அதைப் போட்டுக்கொண்டு படுக்க முடியவில்லை. போடாமல் தூங்கினால் மூச்சு நிற்கும், அவள் விழித்துக்கொள்வாள், காலையில் வாய்க்கால் ஓரம் வண்டி ஓட்டுவாள். ஆகவே நான் ஒரு ஏற்பாடு செய்தேன். அவள் தூங்கும்வரை மாஸ்க்கோடு படுத்திருப்பேன். தூங்கியதும் மெதுவாகக் கழற்றிவிட்டு, சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். தூங்கினால்தானே குறட்டை? தூங்காதவனுக்கு எந்த மிஷின் வேண்டும்? நாலரை மணிக்குப் போய் மறுபடி மாட்டிக்கொண்டு, அவள் எழும்போது நல்ல பிள்ளையாகக் கிடப்பேன்.

ஒன்பது ராத்திரி அப்படிப் போனது. சமையலறையில் என்ன டப்பாவில் என்ன இருக்கிறது என்று இப்போது அவளைவிட எனக்கு நன்றாகத் தெரியும். பகலில் மிஷின் பெடலில் கால், தலை துணி மேல். ஒரு ஜாக்கெட்டுக்கு இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டினேன். பள்ளிக்கூட யூனிஃபார்ம் ஒன்றில் காலர் உள்பக்கம் போனது. அலுப்பு என்றால் படுத்தால் தீரும் என்பார்கள். எனக்குப் படுப்பதுதான் அலுப்பாக இருந்தது.

மாசம் ஒரு தடவை மிஷினை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்காரியும் வந்தாள். அங்கே மிஷின்களைப் பார்த்துக்கொள்ளும் பெண், அதிலிருந்து நகம் அளவு கார்டு ஒன்றை உருவிக் கம்ப்யூட்டரில் சொருகினாள். தினமும் எத்தனை மணிக்குப் போட்டேன், எத்தனை மணிக்குக் கழற்றினேன் என்று அது எழுதி வைத்திருக்கும் சங்கதி எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அதற்கும் ரெட்டைத் தையல் போட்டிருப்பேன்.

"சார், ஒம்பது நாளா ஒரு மணி நேரம்தான் போட்டிருக்கீங்க. அப்புறம் விடியக்காலைல ஒரு மணி நேரம்."

வீட்டுக்காரி என்னைப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

அந்தப் பெண் என் மூக்கைப் பார்த்தாள், பிறகு பட்டையைத் திருப்பிப் பார்த்தாள். "இது யார் தெச்சது?"

"நான்தாம்மா. டைலர்."

"எண்ணெய் தடவினீங்களா?"

"கொஞ்சூண்டு."

சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னாள். எண்ணெய் கூடாது, மாஸ்க்கின் ரப்பர் வழுக்கும், கெட்டும் போகும். முகத்தை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு மாட்ட வேண்டும். மாஸ்க்கைத் தினமும் கழுவ வேண்டும். பட்டைக்கு அடியில் இரண்டு விரல் போக வேண்டும், அவ்வளவுதான் இறுக்கம். இப்போதைக்கு, டாக்டர் சொன்னபடி, புண் ஆற நாலு நாள் மாஸ்க் வேண்டாம், தலையை உயர்த்தி ஒருக்களித்துப் படுக்கலாம்.

திரும்பும்போது அவள் வண்டி ஓட்டினாள். மிஷின் பையை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால். பாதி வழியில் ஆரம்பித்தாள். கோபம் வந்தால் அவளுக்கு 'நீங்க' போய்விடும்.

"ராவெல்லாம் இன்னாய்யா பண்ண?"

"அடுப்பாண்ட புளிய பருப்ப எல்லாம் விசாரிச்சிகிட்டு இருந்தேன்."

"நான் கேக்கறேன், நீ வெளையாடற."

"நீ தூங்கின. அது கெடாம பாத்துகிட்டு இருந்தேன்."

வீட்டு வாசலில் வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டுச் சொன்னாள்: "நாலு நாளும் நீ தூங்கு. நான் முழிச்சிக்கறேன். இதுல வாய் பேசின, அவ்ளோதான்."

வாய் பேசவில்லை. அன்று ராத்திரி படுத்த உடனே தூங்கிப்போய்விட்டேன். எத்தனை தடவை உலுக்கினாள் என்று தெரியாது. காலையில் அவள் கண்ணைப் பார்த்தபோது தெரிந்தது. அந்தக் கண்ணோடு வண்டிச் சாவியை எடுத்தாள். எனக்கு ஓட்டத் தெரியாது. அதுவும் என் பெருமைகளில் ஒன்று. அதனால் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"நீ எங்க வர?"

"பேச்சுத் துணைக்கு. நான் பேசினா நீ தூங்கமாட்ட, சண்டை போடுவ."

அப்படியேதான் ஆனது. வாய்க்கால் வந்ததும் அவள் அக்கா வீட்டுக்காரரைப் பற்றி ஒன்று சொன்னேன், அதற்கு விடுதி வாசல்வரை திட்டினாள். அவளை இறக்கிவிட்டதாக மனதில் எண்ணிக்கொண்டு நான் நடந்தே பேட்டைக்குத் திரும்பினேன். நாலு காலை இப்படி. தூக்கம் போதாத இரண்டு பேர் ஒரு வண்டியில் போகிறார்கள், ஒருத்தர் சாய்ந்தால் இன்னொருத்தர் விழ வேண்டியதுதான். மூன்றாம் நாள் ஒரு திருப்பத்தில் வண்டி லேசாக ஆடியது. நான் அவள் தோளைப் பிடித்தேன்.

அன்றைக்கு மதியம் கடைக்கு ஒரு பெரியவர் வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், எங்கள் ஊரில் சொல்தா என்போம், கூப்பிடும்போது முசியே. முந்தின வாரம் நான் தைத்துக் கொடுத்த பேன்ட்டைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"மாஸ்டர், பாக்கெட்டுக்கு வாய் வெக்க மறந்துட்டியே."

பார்த்தேன். இரண்டு பாக்கெட்டையும் நேர்த்தியாக மூடித் தைத்திருந்தேன்.

"திருட்டுப் பயம் முசியே. ஒரு சேப்டிக்கு."

"என் கையே போவல, திருடன் கை எங்க போவும்? அது கெடக்கட்டும். நின்னா சரியாகீது, உக்காந்தா வயித்த வெட்டுது. சர்ச்சுல முழுசா ஒரு பூசை உக்கார முடியல."

"நின்னுகிட்டு அளவு குடுத்தா அப்படித்தான். நாள் பூரா உக்காந்து இருக்கறவரு உக்காந்து குடுக்கணும். இப்படி உக்காருங்க."

ஸ்டூலில் உட்கார வைத்து டேப்பைச் சுற்றினேன். நின்ற அளவைவிட இரண்டு இஞ்ச் கூடுதல். டேப்பைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

"இன்னாயா, அளவு மறந்துபோச்சா?"

"இல்ல முசியே, இப்பத்தான் ஞாபகம் வருது."

படுத்துக்கொண்டு போடுகிற ஒன்றுக்கு நான் கண்ணாடி முன்னால் நின்று ட்ரயல் பார்த்திருக்கிறேன். படுத்தால் கன்னம் காதுப் பக்கம் சரியும், மூக்கு தனியாக எழும்பி நிற்கும். எல்லா இழுப்பும் அதன் தலையில்தான் விழும். ஊரில் இருக்கிற வயிற்றுக்கெல்லாம் நியாயம் பேசுகிறவனுக்கு இது தோன்ற ஒரு சொல்தா வர வேண்டியிருந்தது. பாக்கெட்டை அங்கேயே பிரித்து, இடுப்பையும் தளர்த்திக் கொடுத்தனுப்பினேன்.

நாலாம் நாள் புண் மேல் தோல் மூடியிருந்தது. வீட்டுக்காரி இரண்டு மணிக்கு வேலை முடிந்து வந்ததும் பட்டையைப் பிரிக்க உட்கார்ந்தேன். கண்ணில் தூக்கம் மறைத்தது, தையல் தெரியவில்லை. அவள் பிடுங்கிக்கொண்டாள்.

"இதுக்கு மட்டும் ரெட்டத் தையலா? என் ஜாக்கெட்டு எல்லாம் ஒத்தத் தையல்."

"அது வீட்டு ஆளு. இது ஆஸ்பத்திரி சாமான்."

"படு, வாய மூடு."

முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு பாயில் படுத்தேன். மிஷினைப் போட்டாள். கடையில் மிஞ்சிய மல்துணியில் நான் மாஸ்க் அளவுக்கு ஒரு வளையம் வெட்டி வைத்திருந்தேன், தோலுக்கும் ரப்பருக்கும் நடுவில் இருக்க. பட்டையை ஒவ்வொன்றாகத் தளர்த்திக்கொண்டே போனாள், காற்று கசிகிற சத்தம் வரும்வரை. பிறகு சத்தம் நிற்கிற அளவுக்கு மட்டும் இழுத்தாள். பட்டைக்கு அடியில் இரண்டு விரலை விட்டுப் பார்த்தாள். அதே கையில் வெங்காயம் நறுக்கியிருந்தாள், என் கண்ணில் தண்ணீர் வந்தது. அவள் வேறு மாதிரி நினைத்துக்கொண்டு கன்னத்தைத் துடைத்துவிட்டாள். நான் திருத்தவில்லை.

அன்று ராத்திரி மாஸ்க்கோடு படுத்தேன். எரியவில்லை என்று சொல்லமாட்டேன். கொஞ்சம் உறுத்தியது, பொறுக்கிற உறுத்தல். இரண்டு பேரும் எப்போது தூங்கினோம் என்று தெரியாது.

விழித்தபோது ஜன்னலில் நல்ல வெளிச்சம். அவள் போன் அலாரம் அடித்து அடித்து ஓய்ந்திருந்தது. ஆறே முக்கால். அவள் சுவர்ப் பக்கம் திரும்பி, ஒரு கையைத் தலைக்கடியில் மடக்கி, அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப வேண்டும் என்று தெரியும். மாஸ்க்கைக் கழற்றாமல் அப்படியே கொஞ்ச நேரம் கிடந்தேன். விடுதியிலிருந்து போன் வந்துதான் எழுந்தாள்.

"எழுப்பக் கூடாதாய்யா? அடுப்பு பத்த வெக்காம பத்து பேரு உக்காந்திருக்கானுவோ. கல்லு மாதிரி படுத்துகினு பாக்கற?"

முடியை வாரக்கூட இல்லை, சுருட்டி முடிந்துகொண்டே சாவியைத் தேடினாள். நான் சட்டையை எடுத்தேன்.

"நீ எங்க கெளம்பற?"

"பின்னாடி."

"ஒண்ணும் வேணாம். எனக்குத் தூக்கம் வராது இப்ப" என்று சொல்லிவிட்டு, வாசலில் திட்டிக்கொண்டே வண்டியை எடுத்துத் தனியாகப் போனாள்.